ஒன்பது மைக்ரான் வாசல்: ஃபைபர் கார்டைக் கழற்றி மாட்டும் முறை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பேருந்தின் உள்பக்கச் சக்கரம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்ப, வெளிப்பக்கச் சக்கரம் அதே நேரத்துக்குள் பெரிய வட்டம் அடித்து வர வேண்டும். சக்கரம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிங்கிள் மோடு ஃபைபரின் நடுவே ஒளி செல்லும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான் அகலம். ரத்தச் சிவப்பணுவைவிடச் சற்றுதான் பெரிது. அதைச் சுற்றி 125 மைக்ரான் விட்டத்துக்கு உறைக்கண்ணாடி. ஒளி முழுவதும் உள்ளகத்துக்குள் அடங்கிப் போவதில்லை. அதன் ஓரம் உறைக்கண்ணாடிக்குள்ளும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, நடுப்பகுதியோடு சேர்ந்தே நகர்கிறது. இழையை வளைத்தால் வெளி ஓரம் அதிகத் தூரம் போக வேண்டும். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். அதற்கு மேல் முடுக்க வழியில்லை. ஈடுகொடுக்க முடியாத அந்த ஓரம் பக்கவாட்டில் பிரிந்து வெளியேறிவிடும். அலைநீளம் கூடக்கூட ஓரம் இன்னும் அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரே வளைவில் 1310 நானோமீட்டர் ஒளி அதிகம் கசியாமல் கடந்து போக, 1550 நானோமீட்டர் ஒளி பெருமளவு கசிந்துவிடுகிறது.

இதற்கு நேரடிப் பயன் உண்டு. ஒரே இழையில் இணையத்தையும் கேபிள் டிவியையும் சேர்த்துக் கொடுக்கும் இணைப்புகளில், இணையம் வீட்டுக்கு வருவது 1490-இல், டிவி வருவது 1550-இல். இணையம் ஓடிக்கொண்டிருக்க டிவிப் படம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால், முதலில் தேட வேண்டியது எங்கோ மடங்கிக் கிடக்கும் கார்டை, அதாவது இரு முனையிலும் கனெக்டர் வைத்த ஃபைபர் ஒயரை. பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கலாம். ரேக் கதவு இடுக்கில் சிக்கியிருக்கலாம். யாரோ நைலான் டையை இறுக்கிக் கட்டியிருக்கலாம். நேராக்கிவிட்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும். கார்டை மாற்றக் கை வைப்பது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் புதுப் பழுது நுழைய ஒரு வாசல் திறக்கிறது.

அளக்காமல் கழற்றக் கூடாது

ஒளியின் வலுவை டிபிஎம் என்ற அலகில் அளக்கிறார்கள். 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிறது. 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஏற்காடு ஊருக்குள் இருக்கும் ஓ.எல்.டி.யிலிருந்து (இணைய நிறுவனத்தின் பக்கம் ஒளியை அனுப்பும் கருவி) 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்பித் தோட்ட பங்களாவுக்கு இணைப்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓ.எல்.டி. அனுப்புவது +3 டிபிஎம். 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 17.5 டிபி எடுத்துக்கொள்ளும். எட்டு கிலோமீட்டர் இழை இரண்டரை டிபி, கனெக்டர்களும் ஸ்ப்ளைஸ்களும் (இழைகளை ஒட்டிய இடங்கள்) சேர்ந்து ஒன்றரை. மிஞ்சுவது மைனஸ் 18.5. வீட்டில் ஒளியைப் பெறும் பெட்டியான சாதாரண ஜிபான் ஓ.என்.டி. மைனஸ் 27 வரை தாங்கும். எனவே மீட்டர் மைனஸ் 28.5 காட்டினால், வழியில் பத்தில் ஒன்பது பங்கு ஒளி தொலைந்திருக்கிறது. சிக்னல் இல்லை என்று காட்டும் சிவப்பு லாஸ் விளக்கு எரிய அது போதும்.

நெட்வொர்க் ஸ்விட்சில் செருகும், ஒளியை அனுப்பிப் பெறும் எஸ்.எஃப்.பி. மாட்யூல்களும் தாங்கள் அனுப்பும், பெறும் ஒளி அளவைச் சொல்லும். ஆனால் பெறும் அளவைப் பொறுத்தவரை அந்த எண் 3 டிபி வரை முன்பின் இருக்கலாம் என்று மாட்யூல் தரநிலையே அனுமதிக்கிறது. ஒரு நாள் மாட்யூல் சொன்னதையும் மறுநாள் கைமீட்டர் சொன்னதையும் ஒப்பிட்டு 'இரண்டு டிபி விழுந்துவிட்டது' என்று முடிவு கட்டுவது வீண். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே கருவியால், ஒரே அலைநீளத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

அளவு எழுதியாயிற்றா? இனி கார்டின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, ரேக்கை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓ.எல்.டி. போர்ட் ஒன்றில் தவறான கார்டை இழுத்தால் ஒரு வீடு மட்டும் போகாது. அந்த ஸ்ப்ளிட்டரின் கீழுள்ள 32 அல்லது 64 வீடும் ஒரே நொடியில் இருட்டாகும்.

தெரியாத ஒளி

850, 1310, 1490, 1550 எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெளிச்சமாகத் தெரிந்தால் இமை தானாக மூடிக்கொள்ளும். இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. 850 நேராக விழித்திரைவரை போகும். 1400-க்கு மேற்பட்டதைக் கண்ணின் முன்பகுதி உறிஞ்சும். சாதாரண ஸ்விட்ச் மாட்யூல்கள் பெரும்பாலும் முதல் வகுப்பு லேசர். வெறும் கண்ணுக்கு ஆபத்து குறைவு. கேபிள் டிவி ஆம்ப்ளிஃபயர் அப்படி அல்ல. அதன் ஒரு போர்ட்டிலிருந்து 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் வரை வெளிவரும். ரேக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கனெக்டரும் ஒரே மாதிரி இருக்கும். அந்த ஆம்ப்ளிஃபயர் கார்டைக் கழற்றுவதென்றால் முதலில் லேசரை நிறுத்த வேண்டும். ஒளி பாயும்போதே இழுத்தால், முனையிலுள்ள தூசு கருகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடவும் கூடும்.

மொபைல் கேமராவைக் காட்டி 'ஒளி இல்லை' என்று உறுதி செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். கேமராவின் சிலிக்கான் சென்சாருக்குச் சுமார் 1100 நானோமீட்டருக்கு மேல் பார்வையே கிடையாது. 1310-உம் 1550-உம் அதற்கு இருட்டுதான். ஸ்விட்ச் போர்ட்டை ஷட் செய்த பிறகும் மறுமுனையிலிருந்து ஒளி வரலாம். மீட்டரை மாட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. முனையைப் பெருக்கிக் காட்டும், லென்ஸ் வைத்த ஸ்கோப்பை அதற்குப் பிறகுதான் கண்ணில் வைக்க வேண்டும். திரையில் காட்டும் ஸ்கோப் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

எந்தக் கார்டு?

மஞ்சள் உறை சிங்கிள் மோடு. ஆரஞ்சு, இளநீலப்பச்சை உறைகள் மல்டி மோடு; உள்ளகம் பெரும்பாலும் 50 மைக்ரான். 50 மைக்ரான் வாசலிலிருந்து 9 மைக்ரான் வாசலுக்கு ஒளியை ஊற்றினால் பரப்பளவுக் கணக்கில் 3 சதவீதம்தான் உள்ளே போகும். 15 டிபி இழப்பு. எதிர்த் திசையில் இழப்பு குறைவு. எனவே இரண்டும் கலந்துவிட்ட லிங்க்கில் ஒரு பக்கம் ஒளி நன்றாக வர, மறுபக்கம் செத்துக் கிடக்கும்.

அடுத்தது முனையின் நிறம். நீலம் என்றால் நேராக மெருகிட்ட யு.பி.சி. பச்சை என்றால் 8 டிகிரி சாய்த்து மெருகிட்ட ஏ.பி.சி.; பிரதிபலிக்கும் ஒளி வந்த வழியே திரும்பாமல் உறைக்கண்ணாடிக்குள் ஒதுங்கிவிட இந்தச் சாய்வு. டிவி சிக்னல் பிரதிபலிப்பைத் தாங்காது என்பதால் வீட்டு இணைப்புகளில் பச்சை அதிகம். ஆனால் ஓ.எல்.டி. மாட்யூலில் நீலம், சில மலிவு வீட்டுப் பெட்டிகளிலும் நீலம். பச்சையை நீலத்துக்குள் தள்ளினால் அது சந்தோஷமாக உள்ளே போய் 'டக்' என்று உட்காரும்; அதுதான் சிக்கலே. நடுவில் காற்று இடைவெளி விழுந்து பல டிபி போகும்; சாய்வின் விளிம்பு எதிர்முனையைச் சுரண்டவும் கூடும்.

தூசு

இந்த வேலையின் பெரும்பங்கு இங்கேதான். கனெக்டருக்குள் இருக்கும் வெள்ளை செராமிக் உருளைக்கு ஃபெரூல் என்று பெயர், எஸ்.சி. வகையில் 2.5 மில்லிமீட்டர், எல்.சி. வகையில் 1.25. அதன் நுனி லேசாகக் குவிந்திருக்கும். மாட்டும்போது எஸ்.சி. ஸ்பிரிங் சுமார் ஒரு கிலோ எடைக்குரிய விசையோடு இரு நுனிகளையும் அழுத்துகிறது. தொடும் இடமோ கால் மில்லிமீட்டர் அளவு. நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் உரலில் இட்ட மாதிரிதான்: துகள் நொறுங்கும், கண்ணாடி குழியும். குழி விழுந்த முனையை எதைக் கொண்டு துடைத்தாலும் சரியாகாது.

சேலத்துக்கென்று சில தூசுகள் உண்டு. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடும் தெருக்களில் பஞ்சு. ஜவ்வரிசி ஆலைப் பக்கம் மாவுத்தூள். செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் மேக்னசைட் வெள்ளைத்தூள். பஞ்சும் மாவும் ஒளியை மறைக்குமே தவிர, உலர்துடைப்பில் பெரும்பாலும் போய்விடும். மேக்னசைட் கண்ணாடியைவிட மென்மையானது. மோசமானது சாலை மணலிலுள்ள குவார்ட்ஸ். அது கண்ணாடியைக் கீறும் கடினம் கொண்டது. எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

ஏற்காட்டில் கதை வேறு. மூடுபனி நேரத்தில் மூடி இல்லாமல் திறந்து கிடக்கும் முனையில் ஈரம் படியும். காய்ந்த பிறகு அதில் கரைந்திருந்தவை வட்டக் கறையாக மிஞ்சும். குளிர்ந்த வண்டியிலிருந்து கார்டை எடுத்து மனிதர் நிறைந்த சூடான அறைக்குள் பிரித்தாலும் இதே வியர்வை. பொட்டலத்தோடு பத்து இருபது நிமிடம் அறையில் வைத்துவிட்டுப் பிரிப்பது நல்லது.

கழற்றும்போது எல்.சி. என்றால் மேலுள்ள தாழ்ப்பாளை அழுத்தி, எஸ்.சி. என்றால் வெளிக்கூட்டைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெளியே வந்த நொடியில் கார்டு முனைக்கும் போர்ட்டுக்கும் மூடி. பிறகு ஸ்கோப்பில் 200 அல்லது 400 மடங்கு பெருக்கிப் பார்க்க வேண்டும். புதுக் கார்டையும் பார்க்க வேண்டும். பொட்டலம் பிரிக்காத கார்டு சுத்தமாகத்தான் இருக்கும் என்பது இந்தத் தொழிலின் பெரிய மூடநம்பிக்கை. அதைக் காக்கும் பிளாஸ்டிக் மூடியிலிருந்தே துகளும் பிசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் உலர்துடைப்பு. அளவுக்கேற்ற, பேனா வடிவக் கிளிக் க்ளீனரை நேராக வைத்து ஒரே அழுத்து. உள்ளே நூல்நாடா நகர்ந்து நுனியைத் துடைக்கும். போர்ட்டுக்குள் இருக்கும் முனையையும் அதே பேனாவால் துடைக்க வேண்டும். கார்டைச் சுத்தம் செய்து அழுக்குப் போர்ட்டில் செருகினால் இரண்டும் அழுக்கு. எண்ணெய்க்கறை போகவில்லை என்றால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, இழை உதிராத காகிதத்தில். ஈரப்பகுதியில் ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த பகுதியில் ஒரு இழுப்பு. ஈரத்தோடு விட்டால் கரைந்த அழுக்கு முழுவதும் படலமாகக் காயும். கைக்கு ஊற்றும் சானிடைசர் வேண்டாம்; அதில் தண்ணீரும் பெரும்பாலும் கிளிசரினும் உண்டு. வாயால் ஊதுவது எச்சில் தெளிப்பதற்குச் சமம். சட்டை நுனி பற்றிச் சொல்லவே வேண்டாம். துடைத்த பிறகு மறுபடி ஸ்கோப். வறட்டுத் துடைப்பில் நிலைமின்னூட்டம் ஏறி, போன தூசு திரும்பி வந்து ஒட்டுவது சாதாரணம்.

மாட்டிய பிறகு

கனெக்டரின் மேட்டைப் போர்ட்டின் பள்ளத்தோடு பொருத்தி, 'டக்' சத்தம் வரும்வரை நேராகத் தள்ளினால் போதும். இரட்டை எல்.சி. கார்டில் ஒரு பக்கத்தின் அனுப்பும் இழை மறுபக்கத்தின் பெறும் துளைக்குப் போக வேண்டும். ஒளி இருந்தும் லிங்க் எழவில்லை என்றால் ஒரு முனையில் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒற்றை இழையில் இருதிசையும் ஓடும் பைடி மாட்யூல் என்றால் இரு முனைகளும் வெவ்வேறு அலைநீளத்தில் அனுப்பும்; உதாரணமாக ஒரு முனை 1310, மறுமுனை 1550. இரு பக்கமும் ஒரே வகையைச் செருகினால் எந்தக் கார்டை மாற்றியும் பயனில்லை.

80 கிலோமீட்டருக்கான மாட்யூல்களை மேசைமேல் வைத்து 2 மீட்டர் கார்டில் இணைத்துச் 'சும்மா சோதித்துப் பார்ப்பது' இன்னொரு வாடிக்கை. பெறும் பக்கம் மாட்யூலைப் பொறுத்து மைனஸ் 7 அல்லது மைனஸ் 3 டிபிஎம் வரைதான் ஏற்கும். வருவதோ 0-க்கு மேல். டிடெக்டர் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். இடையில் ஒளியைக் குறைக்கும் 10 அல்லது 15 டிபி அட்டென்யுவேட்டர் இல்லாமல் மாட்டக் கூடாது.

கார்டைப் படுக்க வைக்கும்போது சாதாரண ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரம். அதாவது சுருள் டம்ளர் வாயைவிடச் சின்னதாகக் கூடாது. வளைவுக்கென்றே செய்த ஜி.657 ஏ2 இழை 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். நைலான் டைக்குப் பதில் வெல்க்ரோ பட்டை. மிச்ச நீளத்தை ரேக் கதவு தொடாத இடத்தில் சுற்றி வைத்துவிட்டு, எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். சுத்தமான இணைப்பு ஒன்றின் இழப்பு 0.2, 0.3 டிபி அளவே. 0.75-ஐத் தாண்டினால் இன்னொரு முறை துடைக்க வேண்டியதுதான்.

மலையில் ஒரு கூடுதல் கவனம். கோடை இடிமழையில் கண்ணாடி இழைக்கு மின்னலால் ஒன்றும் ஆகாது. ஆனால் கம்பத்துக் கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பி மின்னலை ரேக் வரை அழைத்து வரும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே நிறுத்தி எர்த் செய்திருக்கிறார்களா என்று, கார்டு மாற்றப் போன கையோடு பார்த்துவிடலாம்.

கழற்றிய பழைய கார்டு கெட்டதுதான் என்று உறுதியானால் அங்கேயே இரு முனைகளையும் வெட்டி, அவற்றையும் கண்ணாடித் துணுக்குகளையும் மூடியுள்ள புட்டியில் போட்டுவிட வேண்டும். முழுசாக விட்டால் அது மேசை இழுப்பறைக்குப் போய், அவசரமான ஓர் இரவில் 'ஸ்பேர் கார்டு' என்ற பெயரில் திரும்பி வரும்.