ஊசி பிடிக்கவில்லையா? முதலில் கொட்டில் கூரையைப் பாருங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் அநேகமானவை ஒரே முறைப்பாடுதான். "டொக்டர், மூண்டு தரம் ஊசி போட்டாச்சு, மாடு சினைப்படேல்லை." ஊசி என்று சொல்வது செயற்கை முறையில் விந்து செலுத்துவதை. கோபம் ஊசி போட்டவர் மீது திரும்பும், இல்லாவிட்டால் விந்தின் மீது. பிழை அங்கேயும் இருக்கலாம். ஆனால் வன்னியில் பங்குனியிலிருந்து ஆவணி வரை நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான்.

சென்ற வருடம், சித்திரைப் புதுவருடம் கழிந்த கையோடு இரணைமடுப் பக்கம் ஒரு வளவுக்குப் போனேன். மத்தியானம் ஒன்றரை மணி. கை எட்டும் உயரத்தில் தகரம். அதன்கீழ் ஜேர்சிக் கலப்புப் பசு வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, நுரை வடிய நின்றது. விலா ஏறி இறங்குவதை எண்ணினேன்: நிமிடத்துக்கு 88. அது 60ஐத் தாண்டினாலே மாடு வெக்கையில் அவதிப்படுகிறது என்று அர்த்தம். உடம்புச் சூடு 38.5 பாகை அளவில் இருக்கவேண்டியது, 40.3 காட்டியது. வாளிக்குள் கையை வைத்தேன், தண்ணீர் சுட்டது. அந்தப் பசுவுக்கு அன்று காலையில்தான் ஊசி போட்டிருந்தார்கள்.

ஊசி போடும் நாளில் கருப்பையின் சூடு அரைப் பாகை கூடினாலே சினைப்படும் வாய்ப்புக் குறைகிறது. கரு உருவான முதல் இரண்டு மூன்று நாட்களில் அதற்கு வெப்பத்தைத் தாங்கும் சக்தி இல்லை. அதனால் எல்லா நாளும் முடியாவிட்டாலும், ஊசி போடும் நாளையும் அடுத்த ஒரு கிழமையையும் விட்டுவிடாதீர்கள். தகரத்தின் மேல் கிடுகைப் பரப்புங்கள். வேம்போ புளியோ இருந்தால் மத்தியானத்தில் அதன் கீழ் கட்டுங்கள். மரநிழலுக்கு ஈடான கூரை இல்லை. தண்ணீர்ப் பரலை நிழலுக்கு நகர்த்துங்கள். கறவைப் பசு இந்த வெக்கையில் ஒரு நாளைக்கு 60 லீற்றருக்கு மேல் குடிக்கும், ஆனால் சுடுதண்ணீரை அது விரும்பாது. மேலுக்குத் தண்ணீர் ஊற்றுவதானால் தோல் வரை நனையும்படி ஊற்றி, காற்றுப் படும் இடத்தில் நிறுத்துங்கள். நாலு பக்கமும் அடைத்த கொட்டிலுக்குள் ஊற்றினால் புழுக்கம் கூடி நிலைமை மோசமாகும். சோளகம் வீசும் காலத்தில் சாக்குக் கட்டிக் காற்றை மறிப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பதைக்கும்.

வைக்கோல் செமிக்கும்போது உடம்பில் சூடு கூடும். அதை அந்தி சாய்ந்த பிறகு போடுங்கள். கனிய உப்புக் கலவையையும் மறக்கவேண்டாம், வடியும் எச்சிலோடு உப்பும் போகிறது.

அடுத்தது வேட்கை, அதாவது பசு சினைக்கு வரும் பருவம். 21 நாளுக்கு ஒருமுறை வருவது வரும். ஆனால் வெக்கைக் காலத்தில் அறிகுறி சில மணி நேரத்தோடு அடங்கிவிடும், அதுவும் பெரும்பாலும் இரவில். "கத்தேல்லையே டொக்டர்" என்பார்கள். கத்தாத மாடுகள் நிறைய. பால் கறக்கும் நேரத்தில் மட்டும் பார்த்தால் தவறிவிடும். இரவு ஒன்பது, பத்து மணிக்கும் விடிய நாலரைக்கும் டோர்ச்சோடு போய்க் கால் மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடிபோல நூலாய்த் தொங்கும் சளி, வால் அடியில் கலைந்த மயிர், மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்பது, இவைதான் அடையாளம். விடியப்புறம் வேட்கை தொடங்கினால் அன்று பின்னேரத்துக்குள் ஊசி. பின்னேரமோ இரவோ தொடங்கினால் மறுநாள் காலை.

பட்டியாக மேய்ப்பவர்கள் நாம்பனையும் கவனிக்க வேண்டும். கடும் வெக்கையில் கெட்ட விந்து தேற ஏறக்குறைய இரண்டு மாதம் எடுக்கும். பசுவின் முட்டைக்கும் அப்படியே. ஐப்பசி மழை விழுந்தவுடனே பிடிக்கவில்லையே என்று பசுவை விற்றுவிடாதீர்கள்.

மூன்று தரம் தவறினால் வெக்கை மட்டும்தான் காரணம் என்றும் இருந்துவிட வேண்டாம். கருப்பையில் நோய்த்தொற்று இருக்கலாம், ஈன்ற பிறகு உடம்பு தேறாமல் இருக்கலாம். மிருக வைத்தியர் கை விட்டுப் பார்க்கவேண்டும்.

இரணைமடுப் பசு அடுத்த வேட்கையிலும் பிடிக்கவில்லை. வீட்டுக்கார அம்மா சோரவில்லை. கிடுகு போட்டு, பரலைப் புளிய மரத்தடிக்கு நகர்த்தி, கலண்டரில் நாளை வட்டமிட்டு வைத்திருந்தார். 21ஆம் நாள் இரவு பத்தரைக்கு எனக்கு அழைப்பு: "ஐயா, சளி தொங்குது." விடிந்ததும் ஊசி போட்டோம். ஆவணிக் கடைசியில் கை விட்டுப் பார்த்தேன், மூன்று மாதச் சினை.