பிள்ளை நடுங்கவே இல்லையே, டாக்டர்

போன மார்கழியில் ஒரு பாட்டி தன் பேரனைச் சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடிவந்தார். 35 வாரத்தில் பிறந்த குழந்தை, ஐந்து நாள்தான் ஆகிறது, எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள், அதற்கப்புறம் பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிறும் அப்படியே. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 31, ரொம்பக் குறைவு. குளிர் தாக்கியிருக்கிறதும்மா என்றேன், பாட்டி நம்பவில்லை. "பிள்ளை நடுங்கவே இல்லையே டாக்டர், குளிருனா நடுங்காதா?"

நியாயமான கேள்வி. நமக்குக் குளிரெடுத்தால் தசைகள் நடுங்கும், அந்த நடுக்கத்தில் சூடு பிறக்கும். பச்சைக் குழந்தைக்கு அந்த வழி கிட்டத்தட்ட இல்லை. அதன் உடம்பு நம்பியிருப்பது பழுப்புக் கொழுப்பை. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும், பின்கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் இது படிந்திருக்கும்.

நாம் இடுப்பில் பிடித்துப் பார்த்து வருத்தப்படுகிறோமே, அது வெள்ளைக் கொழுப்பு. அந்தச் செல்லுக்குள் ஒரே பெரிய கொழுப்புத் துளி, சேமித்து வைப்பதுதான் அதன் முக்கியமான வேலை. பழுப்புச் செல்லில் கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாகச் சிதறிக் கிடக்கும், நடுவில் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் நுண்ணுறுப்புகள், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவற்றில் உள்ள இரும்புச்சத்துதான் அந்தப் பழுப்பு நிறத்துக்கு முக்கியக் காரணம். மைட்டோகாண்ட்ரியாவை ஒரு அணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் தேங்கிய தண்ணீர் டர்பைன் வழியாக இறங்கும், உடம்புக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கும். பழுப்புச் செல்லில் மட்டும் யுசிபி1 என்று ஒரு புரதம், தனி மதகு மாதிரி. குளிர் தோலில் பட்டதும் மூளை நரம்பு வழியாக நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்க, கொழுப்பு உடைய, மதகு திறந்துகொள்ள, டர்பைனைத் தொடாமல் எல்லாம் பாய்ந்து அத்தனையும் சூடாகவே வெளிவரும்.

இந்தச் செல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இன்னமும் வியப்பு. 2008இல் பாஸ்டனில் புரூஸ் ஸ்பீகல்மனின் ஆய்வுக்கூடம் எலிகளில் காட்டியது: பழுப்புச் செல்லும் தசைச் செல்லும் ஒரே மூதாதைச் செல்லிலிருந்து கிளைக்கின்றன. பிஆர்டிஎம்16 என்ற புரதம் வேலை செய்தால் அது பழுப்புக் கொழுப்பாகிறது, அந்தப் புரதத்தை அடக்கிவிட்டால் தசையின் பக்கம் போய்விடுகிறது. வெள்ளைக் கொழுப்புக்கு இது தூரத்து உறவு என்றுகூடச் சொல்லலாம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இந்தக் கொழுப்பு கர்ப்பத்தின் நடுவில் தொடங்கி கடைசி மூன்று மாதத்தில்தான் நன்றாகச் சேர்கிறது. அந்த மாதங்கள் முடியாமல் பிறக்கிற குழந்தையிடம் இருப்பே குறைவு, மேலே போர்த்திக்கொள்ள வெள்ளைக் கொழுப்பும் போதாது.

இருப்பதை எரிக்கவும் ஆக்ஸிஜன் வேண்டும், சர்க்கரையும் செலவாகும். பாட்டி கொண்டுவந்த குழந்தைக்கு நடந்தது இதுதான். நடுங்காமல், சத்தமில்லாமல், கையிருப்பையெல்லாம் எரித்துவிட்டு ஓய்ந்துபோயிருந்தது. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர் பாசத்தோடுதான் குளிப்பாட்டினார். பிரசவ வார்டிலிருந்து அனுப்பும்போது நாங்கள் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தை தேறியதும் அதன் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், பெரியவங்களுக்கும் இந்தக் கொழுப்பு இருக்கா சார், உடம்பு குறையுமா என்று. இருக்கிறது. கழுத்திலும் காறை எலும்புக்கு மேலேயும் இருப்பதை 2009இல் பெட் ஸ்கேன் (உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அதிகம் எரிக்கிறது என்று காட்டும் படம்) ஆய்வுகள் உறுதிசெய்தன. குளிரில் பழகினால் வெள்ளைக் கொழுப்புக்கு நடுவிலும் சூடு தரும் இளம்பழுப்புச் செல்கள் முளைக்கும் என்பதை எலிகளில் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதை வைத்து எடை குறைக்கும் சிகிச்சை எதுவும் இன்னும் வரவில்லை, இதைச் சொல்லி யாராவது பொடியோ மாத்திரையோ விற்றால் வாங்காதீர்கள். 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்று ஒரு மருந்தை இளைப்பதற்காக விற்றார்கள். யுசிபி1 சூடு தரும் இந்தச் செல்களில் மட்டும் செய்வதை அது உடம்பு முழுக்கச் செய்தது. காய்ச்சல் ஏறி ஏறி ஆட்கள் செத்தார்கள், 1938இல் நிறுத்தினார்கள், அதன் விஷத்தை முறிக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. அதே பொருள் இன்றும் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கிறது, அதுதான் என் பயம்.

சரி, வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் என்ன செய்வது? பிறந்ததும் ஈரம் போகத் துடைத்து, அம்மாவின் வெற்று மார்பில் போட்டு, மேலே துணி போர்த்தி, தலைக்குக் குல்லா. முதல் குளியல் குறைந்தது 24 மணி நேரம் கழித்து. குறைமாதமோ எடை குறைவோ என்றால் டாக்டர் சொல்லும்வரை வெதுவெதுப்பான துணியில் துடைத்தால் போதும், அதுவும் ஃபேனை நிறுத்திவிட்டு. அப்புறம் நாளுக்கு நாலைந்து தடவை புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: வயிறும் பாதமும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லிட்டால் பழுப்புக் கொழுப்பு ஏற்கெனவே எரிய ஆரம்பித்துவிட்டது, உடனே மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு முறை இதுதான், அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

இரண்டும் சில்லிட்டிருந்தால், அல்லது பிள்ளை பால் இழுக்காமல் துவண்டிருந்தால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். வழியில் துணி மூட்டையாகச் சுற்றித் தனியாகப் பிடிக்காமல், சட்டைக்குள் தோலோடு தோலாக அணைத்துக்கொண்டு வாருங்கள்.