பிரசவத்துக்குப் பின் போவது 'அழுக்கு ரத்தம்' அல்ல

"அழுக்கு ரத்தம்தானே டாக்டர், போகட்டும். உள்ளே தங்கினால்தான் ஆபத்து." பிரசவ வார்டில் மாமியாரோ பாட்டியோ இப்படிச் சொல்லிக் கேட்காத மகப்பேறு மருத்துவர் இருக்க மாட்டார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் குழந்தை பிறந்த முதல் சில மணி நேரத்தில் கொட்டுவது, அந்தப் பெண்ணின் இதயமும் மூளையும் நம்பியிருக்கும் அதே ரத்தம்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. குழந்தையோடு இருந்த நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கும். அவற்றை முதலில் மூடுவது கர்ப்பப்பையின் தசைதான். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல அது இறுகும்போது, தசைக்கு நடுவே ஓடும் குழாய்கள் நசுங்கி அடைபடும். இறுகாமல் தொளதொளவென்று இருந்துவிட்டால் ரத்தம் நிற்காது. கடுமையான ரத்தப்போக்கில் பத்துக்கு ஏழு இப்படி வருபவைதான்.

இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, பனிக்குட நீர் அதிகம், வலி வந்தும் வெகுநேரம் இழுத்த பிரசவம், கர்ப்பப்பையில் கட்டி: இவையெல்லாம் தசையைத் தளர்த்தும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்கூட இறுகாது. பிரசவமானதும் நர்ஸ் வந்து "சிறுநீர் போனீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். ஆனால் எந்தக் காரணமும் இல்லாத பெண்களுக்கும் இது வரும். அதனால்தான் பிரசவமான எல்லோருக்கும் குழந்தை வெளியே வந்தவுடன் கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம்.

வயிற்றைத் தொட்டால் கர்ப்பப்பை கல் மாதிரி இருக்கிறது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால், கர்ப்பப்பை வாயிலோ பிறப்புப் பாதையிலோ கிழிசல் இருக்கிறதா என்று தேட வேண்டும். நஞ்சின் துண்டு உள்ளே தங்கினாலும் போக்கு நிற்காது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு நஞ்சு பழைய தழும்பிலேயே வேர்விட்டு ஒட்டிக்கொள்வதுண்டு. கர்ப்ப காலத்திலேயே ஸ்கேனில் இதைத் தேடிப் பார்த்து, ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்வதே நல்லது. ரத்தம் உறையாமல் போவது அரிது. கடுமையான ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், நஞ்சு முன்கூட்டியே பிரிந்தவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு.

எங்களையே ஏமாற்றுவது கண் கணக்கு. துணியிலும் மெத்தையிலும் ஊறிய ரத்தம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்து, எல்லாச் சிகிச்சையையும் உடனடியாக ஒருசேரத் தொடங்கியபோது கடும் ரத்தப்போக்கு 60 சதவீதம் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை. அளந்தார்கள், தாமதிக்கவில்லை, அவ்வளவுதான்.

இளம்பெண்ணின் உடம்பு வேறு நம்மை ஏய்க்கும். நாடித்துடிப்பு முதலில் ஏறும்; ரத்த அழுத்தம் இறங்கும்போது நிலைமை கைமீறியிருக்கும். அதிலும் ஹீமோகுளோபின் 7 உள்ளவருக்கு, 12 உள்ளவர் தாங்கும் இழப்பே உயிருக்கு உலையாகலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாந்தி வருகிறது, மலம் கறுக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் எங்களிடம் சொன்னால், மாத்திரையை மாற்றலாம், ஊசியாகவும் ஏற்றலாம்.

அம்மா வீட்டுக்குப் போன பிறகும் கவனம் தேவை. சில நாள் சிவப்பாகவும், பிறகு வெளிறியும் நாலைந்து வாரம் படுவது இயல்பு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, எலுமிச்சை அளவு ரத்தக்கட்டி விழுவது, நின்றுபோன சிவப்பு மறுபடி பெருகுவது, துர்நாற்றத்தோடு காய்ச்சல், எழுந்தால் தலைசுற்றல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த கட்டியையும் நனைந்த பேட்களையும் எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எவ்வளவு போயிருக்கிறது, நஞ்சின் துண்டு ஏதும் விழுந்ததா என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.