நாலு ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சிசிடிவி அடாப்டரா? கொஞ்சம் நில்லுங்க

இந்த முகூர்த்த சீசன்லயும் வந்தாச்சு ஒரு பெட்டி. கல்யாண வீடியோ எடுக்குற தம்பி ஒருத்தர், ப்ளைவுட்ல அளவா அறுத்து, நாலு 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்க உள்ள மாட்டி, முன்னாடி ஃபேன், பின்னாடி யூஎஸ்பி போர்டுன்னு நல்லாவே செஞ்சிருந்தார். பெட்டியில குறையே சொல்ல முடியாது. கரண்டு மட்டும் சிசிடிவி கேமராவுக்குப் போடுற 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், டிஸ்க்குக்கு 12 கூட 5 வோல்ட்டும் வேணும்ல, அதுக்கு அந்த அடாப்டர்லேர்ந்தே ஒரு சின்ன கன்வெர்ட்டர் போர்டு. நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்துல போச்சு. டேட்டா ரெக்கவரி வேலையில இருக்குறவன் இத எத்தனை தடவதான் பாக்குறது, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

கையில செய்றது தப்பே இல்லங்க. நாலு டிஸ்க் போடுற பெட்டி கடையில விக்கிற விலைக்கு நானும் வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன். பழைய சிபியு கேபினெட், ப்ளைவுட், அலுமினிய ஆங்கிள், எது வேணா போடுங்க. மிச்சம் பிடிக்கிறத அங்க பிடிங்க, பவர்ல மட்டும் கை வைக்காதீங்க.

எல்லாரும் ஒரே கணக்கத்தான் சொல்றாங்க. "அண்ணே, ஒரு டிஸ்க் 6 வாட்டுதான் இழுக்கும், நாலுக்கு 24, என் அடாப்டர் 60 வாட், எப்படி பத்தாமப் போகும்?" கணக்கு சரிதான் தம்பி, ஆனா அது டிஸ்க் ஓடிட்டிருக்கும்போது. ஆன் பண்ணின உடனே, நின்னுட்டு இருக்குற தட்டு நிமிஷத்துக்கு 7200 சுத்துக்கு வரணும்ல, அந்த சில செகண்டு ஒவ்வொரு டிஸ்க்கும் 12 வோல்ட் லைன்ல 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். நாலும் சேர்ந்து கிளம்புனா 8 ஆம்பியர், அதாவது 96 வாட். உங்க 5 ஆம்பியர் அடாப்டர் என்ன பண்ணும்? வோல்ட் சரியும், இல்ல கட் ஆகி மறுபடி வரும், டிஸ்க்கு பாதி சுத்துல நின்னு மறுபடி கிளம்பும், டிக் டிக்குன்னு சத்தம் வரும். உடனே டிஸ்க் டூப்ளிகேட்டுன்னு வித்தவரோட சண்டை. பாவம் அந்த மனுஷன்.

எஸ்எம்பிஎஸ், அதான் கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு குடுக்குற பெட்டி, அத வாங்கினாலும் இதே கதைதான். மேல 450 வாட்டுன்னு பெருசா ஸ்டிக்கர் இருக்கும், அத நம்பாதீங்க, பக்கவாட்டுல இருக்குற டேபிள்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. டிஸ்க்குக்கு 2 ஆம்பியர் வச்சு பெருக்கி, அதுக்கு மேல கொஞ்சம் இருக்கணும். அந்த டேபிளே இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸ கையால கூட தொடாதீங்க.

அடாப்டர் பத்தலன்னா கூட டிஸ்க் பொழைச்சுக்கும். உண்மையில கொல்றது அந்த கன்வெர்ட்டர் போர்டு. வோல்ட்ட கூட்டிக் குறைக்க நீல கலர்ல திருகுற பாட் வச்ச எல்எம்2596 போர்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சல்லிசா கிடைக்கும். 3 ஆம்பியர்தான் அதோட உச்சம், நாலு டிஸ்க்கு 5 வோல்ட்ல இழுக்குறதே கிட்டத்தட்ட அங்க வந்துடும். அந்த பாட்ல காண்டாக்ட் விட்டாலோ, சூடுல ஐசி ஷார்ட் ஆனாலோ உள்ள வர்ற 12 அப்படியே 5 வோல்ட் லைன்ல போயிடும். நாலு டிஸ்க்கும் ஒரே லைன்ல இருக்கு, அப்புறம் எது தப்பிக்கும்?

என்னதான் போடுறதுன்னா, பழைய டெஸ்க்டாப்ல இருந்த, பேர் தெரிஞ்ச கம்பெனி எஸ்எம்பிஎஸ். 24 பின் கனெக்டர்ல பச்ச வயரையும் கருப்பு வயரையும் சேர்த்தா ஆன் ஆகும், 12ம் 5ம் ரெண்டுமே சுத்தமா வரும். டிஸ்க்க மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர்ல பாருங்க, 12 வோல்ட் லைன் 11.4லேர்ந்து 12.6க்குள்ள இருக்கணும். கழட்டி மாட்டுற கேபிள் இருக்குற எஸ்எம்பிஎஸ்னா அதோட வந்த கேபிள் மட்டும்தான். வேற கம்பெனி கேபிள் வாய் பொருந்தும், உள்ள வயர் வரிசை மாறியிருக்கும். எஸ்எம்பிஎஸ்ல வர்ற பழைய நாலு பின் மோலெக்ஸ்லேர்ந்து டிஸ்க்குல மாட்டுற சாட்டாவுக்கு மாத்துற கனெக்டர்ல, பிளாஸ்டிக்க வயர் மேலேயே உருக்கி ஊத்துனது வேண்டவே வேண்டாம், உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிச்சத பாத்திருக்கேன். டிஸ்க்குக்கு நடுவுல ஒரு விரல் இடைவெளி, 120 எம்எம் ஃபேன் ஒண்ணு. எர்த் பின்ன உடைச்சிட்டு ரெண்டு பின் பிளக்குல சொருகாதீங்க. பெட்டியத் தொட்டா சுர்ருங்குதுன்னு நீங்க சிரிக்கிறது எர்த் இல்லாததாலதான்.

மிர்ரர் போட்டிருக்கேன், ஒரே டேட்டா ரெண்டு டிஸ்க்ல பதியும், ஒண்ணு போனா இன்னொண்ணுல இருக்கும்ங்கறீங்களா? ரெண்டும் அதே பெட்டி, அதே வயர். இன்னொரு காப்பி வெளிய இருக்கட்டும், கரண்டுல சேராம.

மீறி ஏதாவது ஆயிடுச்சுன்னா, கருகுன வாசனை வந்துச்சுன்னா, தயவு செஞ்சு வேற அடாப்டர் போட்டு ஒரு தடவ பாப்போம்னு பாக்காதீங்க. ஓவர் வோல்ட்ட தாங்கி ஷார்ட் ஆகிக்கிட்டு மத்தத காப்பாத்துற டயோடு பல டிஸ்க்ல இருக்கு, அது மட்டும் போயிருந்தா வேலை சின்னது. டிஸ்க்குக்கு அடியில இருக்குற சர்க்யூட் போர்ட, அதே மாடல்ல வாங்கி மாத்துனா ஓடிடும்னு யூடியூப்ல சொல்றாங்க, ஆனா அந்தந்த டிஸ்க்குக்குன்னு செட் பண்ணின அளவுகள் அந்தந்த போர்டுல இருக்குற ரோம் ஐசியிலதான் இருக்கும், அத மாத்தி வைக்காம புது போர்டு பெரும்பாலும் டிஸ்க்க படிக்காது. பழைய போர்ட தூக்கிப் போட்டுட்டு வர்றவங்கள பாத்தா எனக்கு அழுகையே வரும். டிஸ்க்கோட அந்த அடாப்டர், கன்வெர்ட்டர், வயரு எல்லாத்தையும் அப்படியே அள்ளிட்டு வாங்க. எந்த லைன்ல எவ்வளவு வோல்ட் போச்சுன்னு தெரிஞ்சாலே எங்க வேலை பாதி குறையும்.