பென்ஷன் இல்லாத பட்டாளத்துக்காரருக்கு என்ன கிடைக்கும்?

“பென்ஷன் இல்லையா? அப்படின்னா உங்களுக்கு ஒன்னும் கிடையாது.” யாரோ எப்போதோ சொன்ன இந்தப் பேச்சை நம்பி, ஒரு பாரம்கூட நிரப்பாமல் இருந்துவிட்ட முன்னாள் படைவீரர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர். என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். ரேஞ்சர் படையில் பத்து வருஷம் இருந்துவிட்டு, 1979இல் ஒரு தகரப் பெட்டியோடு ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பியவர். அவருக்கு ஒன்றும் கிடையாது என்றுதான் நாங்களும் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு என்று தெரிந்த பிறகு பலருக்கும் பாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பென்ஷன் கணக்கு. அதிகாரி அல்லாத சாதாரண சிப்பாய்க்கு மாதப் பென்ஷன் கிடைக்க 21 வருஷச் சேவை வேண்டும். பத்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவருக்கு அது இல்லை. காயத்தாலோ நோயாலோ வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு அனுப்பி வைத்தவர் கணக்கு வேறு. அவர் வருஷத்தை எண்ணாமல், உடல் ஊனத்துக்கான பென்ஷன் தன் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

எல்தாட் என்று எல்லாரும் சொல்லும் படைவீரர் சேமநிதி இதோடு சேராது. பென்ஷன் இல்லாமல் விலகியவருக்குத் தன் சம்பளத்தில் பிடித்த பங்கு, அரசாங்கம் போட்ட பங்கு இரண்டும் சேர்ந்தே கைக்கு வந்திருக்கும். பென்ஷன்காரருக்குத் தன் பங்கு மட்டும். சித்தப்பா வாங்கிய பணம் ஒரு ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளாகவும் அத்தையின் கல்யாணச் செலவாகவும் ஆகி முடிந்தது. அதை வாங்கியவர்கள் பலர், படையோடு இருந்த கணக்கு அன்றோடு தீர்ந்தது என்று எண்ணிவிட்டார்கள். தீர்ந்தது சேமநிதிக் கணக்கு மட்டும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தற்காப்பு அமைச்சின் கீழ் படைவீரர் விவகார இலாகா ஒன்று இருக்கிறது. ஜேஎச்இவி என்பது அதன் சுருக்கப் பெயர். பேராக்காரர்களுக்கு அதன் மாநில அலுவலகம் ஈப்போவில். ‘வெட்டரான்’ யார் என்பதற்கு 2012ஆம் ஆண்டின் படைவீரர் சட்டம் விளக்கம் தருகிறது. பென்ஷன் வாங்குபவர் மட்டுமே வெட்டரான் என்று அதில் இல்லை. குடியுரிமை உள்ளவராக, படையில் சேவை செய்து முறைப்படி வெளியே வந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர் இதில் வரமாட்டார். அங்கேதான் சிலருக்குச் சிக்கல். லீவுக்கு வந்து திரும்பிப் போகாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் அதை மறைத்துப் பாரம் நிரப்புவதில் பயனில்லை. எல்லாம் படைப் பதிவேட்டில் இருக்கும்.

பென்ஷன் இல்லாத வெட்டரானுக்குத் தனி அட்டை உண்டு. எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் படி. அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைச் சலுகை, செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கான உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி, வெள்ளத்தில் வீடு பாதித்தால் உதவி, இறுதிச் சடங்கு உதவி என்று ஒவ்வொன்றுக்கும் மனுப் போடலாம். தானாக எதுவும் வந்து சேராது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாரம்.

அதிகம் பேர் கேட்பது ‘பந்துவான் சாரா ஹிடுப்’ என்ற மாதாந்திர வாழ்க்கைச் செலவு உதவி. பென்ஷன் இல்லாத, வருமானம் குறைந்த வெட்டரான்களுக்கானது. மாதம் 300 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்து பிறகு 500 வெள்ளியாக உயர்ந்தது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது என்பதால், மனுப் போடும் நாளில் உள்ள தொகையையும் வயது, வருமான நிபந்தனையையும் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது, வீட்டு வருமானத்தைப் பார்க்கிறார்கள் என்பது. மகன் சிங்கப்பூரில் நன்றாகச் சம்பாதிக்கிறான், ஆனால் அப்பாவுக்கு ஒரு காசு அனுப்புவதில்லை என்றால், அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். “மகன் பாத்துக்கிறான்” என்று கௌரவத்துக்காக எழுதிக் கொடுத்துவிட்டு, மனு திரும்பி வந்ததும் அரசாங்கத்தைத் திட்டிய ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும்.

இவ்வளவு இருந்தும் நம் ஆட்கள் ஏன் போகவில்லை? தெரியாமல் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைச் சொல்ல ஊர்க்கதைக்குள் போக வேண்டும்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் மலாயாவில் கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கியதே நம் ஊரில்தான். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்தில் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1960 ஜூலை 31 வரை நடந்த அந்தச் சண்டையைப் ‘போர்’ என்று எழுதாமல் ‘அவசரகாலம்’ என்றே எழுதினார்கள். போர் என்றால் லண்டன் காப்பீட்டுக் கம்பெனிகள் நஷ்டஈடு தராது என்று முதலாளிகள் பயந்தார்கள் என்பார்கள். பெயர் எப்படியோ, தோட்டத்தில் அது யாருக்கும் பிடித்த சண்டை இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசிக்கு அளவு வைத்தார்கள். கூலி உயர்வு கேட்ட தொழிற்சங்கங்களைத் தடை செய்தார்கள். அவற்றின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த மலாயா கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதே லயத்துப் பையன்கள் சிலர்தான் சிறப்புக் கான்ஸ்டபிளாகி, துரை பங்களா வாசலில் துப்பாக்கியோடு நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் அவர்கள் தட்டில் சோறு விழும், பேச்சு விழாது.

சித்தப்பா போனது அதற்கு அடுத்த சண்டைக்கு. 1968 ஜூன் 17இல் குரோவுக்கும் பெத்தோங்குக்கும் இடையே, தாய்லாந்து எல்லைச் சாலையில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கி 17 பாதுகாப்புப் படையினரைக் கொன்றார்கள். அதோடு ஆரம்பித்தது 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாய் உடன்படிக்கையில்தான் முடிந்தது. இருபத்தொரு வருஷம். கோலாலம்பூரில் கட்டடங்கள் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. எல்லைக் காட்டில் ஆள் சாகிறான் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சித்தப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: “யாருக்காகடா போய்ச் சுட்ட?” கேட்டவர் என் தாத்தா, பழைய சங்கத்துக்காரர். சித்தப்பா பதில் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மறுபடி பால்மரம் வெட்டப் போனார். நிரையில் எல்லாரும் நடந்து தேய்ந்த பாதை இருக்கும். அவர் அதில் கால் வைக்கமாட்டார். பக்கத்துப் புல்லில், முழங்கால் நனைய நடப்பார். மூடுபயிரை மிதிக்கிறான் என்று தண்டல் (மேற்பார்வையாளர்) நாள் தவறாமல் திட்டுவார். காட்டில் ஜெராங்காப் சாமார் என்ற மறைகண்ணியைப் பாதையில்தான் புதைத்து வைப்பார்கள், பாதையில் நடந்தவனுக்குத்தான் கால் போகும் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. கோயில் திருவிழாவுக்குப் போகும்போதும் அவர் ஓரமாகத்தான் நடக்கிறார்.

பேசாமல் இருந்ததில் போனது பேச்சு மட்டுமில்லை, தாளும் போனது. பெட்டியைத் திறப்பாரில்லை. கரையான் திறந்தது. லயத்தை இடித்துக் குடும்பங்களை டவுன் பக்கம் மாற்றியபோது எத்தனையோ வீட்டுப் பெட்டிகள் பழைய இரும்புக்காரனிடம் போயின. எங்கள் வீட்டில் பெட்டி துருவேறிப் போனாலும், உள்ளே மைலோ டப்பாவில் மடித்து வைத்த படை விலகல் சான்றிதழ் தப்பித்தது. மெடலின் நாடாவைச் சின்ன வயதில் நான்தான் பட்டத்துக்கு வாலாகக் கட்டினேனாம். யாரும் தடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அதனால் பெட்டியைத் தேடுங்கள். வேண்டியவை: படை விலகல் சான்றிதழ் அல்லது சேவைப் புத்தகம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், கல்யாணமானவர் என்றால் திருமணப் பதிவு, வருமானம் காட்ட ஏதாவது. சான்றிதழ் தொலைந்திருந்தால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். படை எண் இருந்தால் பதிவேட்டில் தேட முடியும். ஈப்போ கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண், “பக்சிக், நொம்போர் தெந்தெரா இங்காட் லாகி?” (மாமா, படை எண் இன்னும் ஞாபகம் இருக்கா?) என்று கேட்டார். முந்தின நாள் சாப்பிட்டதை மறந்துவிடும் சித்தப்பா, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஓர் இலக்கம் தவறாமல் ஒப்பித்தார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

நம்மவர்களுக்கு வரும் பெரிய தடை பெயர். பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிராணி எழுதியது ஒன்று, படையில் ஆள் எடுத்தவர் எழுதியது ஒன்று, அடையாள அட்டையில் இருப்பது இன்னொன்று. முனியாண்டி ஓரிடத்தில் முனியன், இன்னோரிடத்தில் அப்பா பெயரே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதி, சத்திய ஆணையர் முன் கையெழுத்துப் போட்டுக் கொண்டு போங்கள். இதைச் செய்யாமல் போய் இரண்டு முறை பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் திரும்பியவர்கள் நாங்கள்.

அடுத்தது விதவைகள். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த வீரர் இறந்தால் மனைவிக்கு ‘பென்சென் தெர்பித்தான்’ என்ற குடும்பப் பென்ஷன் உண்டு. பென்ஷன் இல்லாதவரின் விதவையும் நல உதவிகளுக்கு மனுப் போடலாம். எதுவானாலும் மனைவி என்று காட்ட வேண்டும். திருமணச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் சம்பிரதாயப்படி தாலி கட்டியவர்களின் திருமணத்தைப் பதிவு செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சாட்சியமும் சத்தியக் கடிதமும் போதுமான அளவுக்குத் திரட்ட வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு தாலி மட்டும் கட்டி, பதிவு செய்யாதவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து. அப்படி யாராவது இருந்தால், கணவர் உயிரோடு இருக்கும்போதே பதிவு இலாகாவுக்குப் போய் முடித்துவிடுங்கள். அறுபது வயதில் என்ன கல்யாணம் என்று வெட்கப்பட்ட ஓர் அக்கா, அவர் போன பிறகு எங்கள் வாசலில் வந்து அழுதார். எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

சிறப்புக் கான்ஸ்டபிள்கள் போலீஸ் கணக்கில் வருவார்கள், படைக் கணக்கில் இல்லை. ஜேஎச்இவி கவுண்டரில் அவர்களுக்குப் பதில் கிடைக்காது. அவசரகாலத்தில் இருந்த அவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் 2012 பட்ஜெட்டில் ஒரே ஒரு முறை 3,000 வெள்ளி அறிவித்தார்கள். அவர்கள் குடும்பத்தார் முன்னாள் போலீஸார் சங்கத்தில் விசாரிப்பது நல்லது.

கடைசியாகப் புரோக்கர்கள். பாரத்துக்கு விலை இல்லை. மனுப் போடக் கட்டணம் இல்லை. “உள்ளே ஆள் இருக்கு, 200 வெள்ளி குடுங்க” என்று வீடு தேடி வந்தவரிடம் எங்கள் தெருவில் இரண்டு பேர் ஏமாந்தார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் படைவீரர் சங்கக் கிளையில் கேளுங்கள், அல்லது தமிழ்ப்பள்ளியில் படித்து முடித்து மலாய் நன்றாக எழுதும் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பாரம் கொடுத்ததும் நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். இரண்டு மாதம் ஆகியும் தகவல் இல்லையென்றால் அதைக் காட்டித்தான் கேட்க முடியும். ஈப்போவுக்குக் காலை பஸ்ஸில் போவது நல்லது. வெள்ளிக்கிழமை வேண்டாம். மதியம் 12.15க்குக் கவுண்டரை மூடினால் 2.45க்குத்தான் திறப்பார்கள்.