பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லையாம், அறுபதாயிரம் போச்சு

2026 பொங்கல் முடிந்த மறுவாரம், வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் என் ஆபீசுக்கு ஒரு டீச்சர் வந்தார். ஈரோட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் கெமிஸ்ட்ரி எடுக்கிறார். மாதம் 50,000 ரூபாய் பேச்சு, கைக்கு வருவது 45,000. மீதி 5,000 டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக், பான் கார்டு, நான்காக மடித்த ஒரு தாள் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தார். அந்தத் தாள் 26ஏஎஸ், பிடித்த வரியைக் காட்டும் அரசு அறிக்கை. 2024-25ஆம் நிதியாண்டின் பன்னிரண்டு மாதமும் வரிசையாக 5,000, 5,000 என்று அவருடைய பான் எண்ணில் அரசுக் கணக்கில் ஏறியிருந்தது. கூட்டினால் 60,000.

"இதைத் திரும்ப வாங்கலாம்னு சொன்னாங்க சார்."

வாங்கலாம். அதாவது, 2025 டிசம்பர் 31க்குள் வருமான வரி ரிட்டர்ன் (வருமானக் கணக்கு) தாக்கல் செய்து வாங்கியிருக்கலாம். "ஏங்க, ரிட்டர்ன் போடலீங்களா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி கிடையாதுன்னு டிவியில சொன்னாங்களே சார். வரியே இல்லாதப்ப எதுக்குப் போடணும்?"

இந்தப் பதிலை இந்த சீசனில் எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். சொல்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. கெமிஸ்ட்ரி டீச்சர், பேங்க் ரிடையர்டு, சாஃப்ட்வேர் பையன் என்று எல்லாரும் அதே வசனத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

முதலில் வருஷக் கணக்கு. 2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த 12 லட்சம், 2025 ஏப்ரலுக்குப் பிறகு சம்பாதிக்கும் பணத்துக்கு. அதற்கு முந்தைய ஆண்டுக்கு வரம்பு 7 லட்சம்தான். டீச்சருக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. அவர் வருமானம் 6 லட்சம், எப்படிப் பார்த்தாலும் வரி பூஜ்யம். அதனால்தான் வயிற்றெரிச்சல். பிடித்த 60,000 ரூபாயும் முழுசாக அவருடைய பணம்.

அடுத்ததுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். "வரி இல்லை" என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று விலக்கு, இன்னொன்று தள்ளுபடி. புதிய வரி முறையில் (பெரும்பாலான கழிவுகள் இல்லாமல், விகிதம் குறைவாக உள்ள முறை) 2025-26 நிதியாண்டுக்கு விலக்கு வரம்பு 4 லட்சம். அதற்குக் கீழே இருப்பவர் பொதுவாக வரித்துறையின் கதவைத் தட்ட வேண்டியதே இல்லை. நாலு லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை இருப்பவருக்கு வரி உண்டு. ஆமாம், உண்டு. 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 லட்சம் வரை 10%. பன்னிரண்டு லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 20,000, 40,000, ஆக 60,000 ரூபாய் வரி. இதைப் போட்ட பிறகு, 87ஏ என்ற பிரிவின் கீழ் அதே 60,000 தள்ளுபடி. கணக்கின் கடைசியில் பூஜ்யம்.

ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்திருப்பீர்கள். கடைக்காரர் முழு விலைக்குப் பில் போட்டு, அடியில் தள்ளுபடி என்று ஒரு தொகையைக் கழித்துக் காட்டுவார். பில் போட்டால்தான் தள்ளுபடி. பில்லே வேண்டாம் என்று வெளியே நடந்துவிட்டு, தள்ளுபடியை மட்டும் கொடு என்று யாரும் கேட்பதில்லை. ரிட்டர்ன் என்பது அந்தப் பில். நாலு லட்சத்தைத் தாண்டினால் பில் போட்டாக வேண்டும், கட்ட வேண்டிய தொகை பூஜ்யமாக இருந்தாலும். கெடு தாண்டிப் போட்டால், வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருப்பவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பூஜ்யம், தாமதத்துக்கு ஐயாயிரம். ஒவ்வொரு வருஷமும் இதற்காக என்னோடு சண்டை போட நாலு பேர் வருகிறார்கள், ஏதோ நான்தான் சட்டம் போட்டது மாதிரி.

நாலு லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் சிலருக்குத் தப்ப முடியாது. வருஷத்தில் கரண்ட் பில் 1 லட்சத்துக்கு மேல், வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சத்துக்கு மேல், டிடிஎஸ் 25,000 அல்லது அதற்கு மேல் (60 வயது தாண்டியவருக்கு 50,000) என்றால் ரிட்டர்ன் கட்டாயம்.

சரி, டிசம்பர் 31 போய்விட்டதே, அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது கூடுதலாக வரி கட்ட வருபவர்களுக்கான வாசல். ரீஃபண்ட் கேட்டு அந்தப் பக்கம் போக முடியாது.

இப்போது ஷேர் விளையாடும் தம்பிகளுக்கு. சம்பளம் கழிவெல்லாம் போக 9 லட்சம். கூடவே ஒரு வருஷத்துக்குள் வாங்கி விற்ற பங்குகளில் 2 லட்சம் லாபம். மொத்தம் 11 லட்சம், பன்னிரண்டுக்குள்தானே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். சம்பளத்தின் மேல் வரும் வரிக்குத்தான் தள்ளுபடி. அந்த 2 லட்சத்துக்குத் தனி விகிதம், 20%. செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சேர்த்து 41,600 ரூபாய் கட்ட வேண்டும். டீமேட் கணக்கில் நடந்ததெல்லாம் உங்கள் ஏஐஎஸ் அறிக்கையில் (வரித்துறை வைத்திருக்கும் உங்கள் வருஷப் பணப் பரிவர்த்தனை விவரம்) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடியவர்கள் கதை வேறு. அது வியாபார வருமானம், படிவமே வேறு. தயவுசெய்து அதையும் இதையும் குழப்பிக்கொண்டு நீங்களே தாக்கல் செய்யாதீர்கள்.

சம்பள உயர்வே வேண்டாம் என்று எச்ஆரிடம் சொல்லிவிட்டு வந்த ஒருவரும் உண்டு. பன்னிரண்டைத் தாண்டினால் மொத்தத்துக்கும் வரி விழுந்துவிடுமாம். வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால், கணக்குப்படி வரி 61,500. ஆனால் தாண்டிய தொகை பத்தாயிரம்தான் என்பதால் வரியும் பத்தாயிரத்தோடு நின்றுவிடும், செஸ் தனி. வருமானம் ஏறக்குறைய 12,70,000 ஆகும் வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு 75,000 வேறு இருக்கிறது. அதனால் மொத்தச் சம்பளம் 12,75,000 வரை கவலையே இல்லை. உயர்வை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.

இந்தச் சீர்திருத்தத்தில் யாருக்கு எவ்வளவு மிஞ்சியது என்று கொஞ்சம் பார்ப்போம். ஊடகங்கள் "நடுத்தர வர்க்கத்துக்குப் பொங்கல் பரிசு" என்ற தோரணையில் பேசின. 2024-25இன் புதிய முறையோடு ஒப்பிட்டால், வரிக்குரிய வருமானம் 7 லட்சம் உள்ளவருக்கு லாபம் பூஜ்யம். அவருக்கு ஏற்கெனவே வரி இல்லை. 8 லட்சத்துக்கு 30,000 மிச்சம். 12 லட்சத்துக்கு 80,000. 18 லட்சத்துக்கு 70,000. 24 லட்சத்தில் 1,10,000. அதற்கு மேல் ஐம்பது லட்சமானாலும் அதே 1,10,000. மேலே போகப் போக அது சில்லறைதான், மறுக்கவில்லை. ஆனால் 2023 பட்ஜெட்டில், 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குப் புதிய முறையில் சர்சார்ஜை (பெரிய வருமானக்காரர் வரியின் மேல் கட்டும் கூடுதல் வரி) 37 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைத்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஐந்தரைக் கோடி வருமானத்துக்கு அதனால் மிஞ்சியது சுமார் 20 லட்சம் ரூபாய். அதைப் பற்றி என் ஆபீசில் யாரும் விவாதித்ததில்லை. அந்த வருமானக்காரர்கள் என் ஆபீசுக்கு வருவதில்லை என்பதும் ஒரு காரணம்.

கீழே இருப்பவர் கதை வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் வருமான வரியே கட்டாதவர், அதனால் அதில் சலுகையும் அவருக்கு இல்லை. "நாங்கதான் வரி கட்டறோம், அவங்க எல்லாம் கட்டறதில்லை" என்று சம்பளக்காரர்கள் என் எதிரில் உட்கார்ந்து சொல்லும்போதெல்லாம், டீ கொடுக்க வரும் அக்காவின் முகத்தை நான் பார்க்காமல் இருக்க முயல்வேன். அவர் வாங்கும் சோப்பிலும் பேஸ்ட்டிலும் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலும் வரி இருக்கிறது. கோடீஸ்வரர் வாங்கும் சோப்பிலும் அதே சதவீதம்தான். அந்த அக்காவுக்கு உண்மையில் கொஞ்சம் இறங்கியது 2025 செப்டம்பர் 22 அன்று, சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது. சொத்தின் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். பரம்பரைச் சொத்துக்கான எஸ்டேட் வரி 1985இல் போனது. செல்வ வரிச் சட்டத்தை (வெல்த் டாக்ஸ்) 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். சம்பாதிப்பவருக்கு வரி, தாத்தா விட்டுப் போனதற்கு ஒன்றுமில்லை. இது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, ஆனால் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுபவர்கள் வருமான வரி ஸ்லாபை (விகித அடுக்கை) மட்டும் பார்த்துப் பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இன்னொரு ஓரவஞ்சனையும் உண்டு. நம் சட்டம் குடும்பத்துக்கு வரி போடுவதில்லை, ஆளுக்குப் போடுகிறது. கணவன் 12, மனைவி 12 என்று வரிக்குரிய வருமானம் இருக்கும் வீட்டில் வரி பூஜ்யம். அதே 24 லட்சத்தை ஒருவரே சம்பாதித்து, மாமியார், குழந்தை, வீட்டில் இருக்கும் மனைவி என்று ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டால், செஸ் சேர்த்து 3,12,000 ரூபாய். உடனே "அப்போ எஃப்டியை அவ பேர்ல போட்டுடறேன்" என்பீர்கள். போடலாம். நீங்கள் கொடுத்த பணத்தின் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

புதிய முறை வந்த பிறகு மார்ச் மாதத்தில் எல்ஐசி ஏஜென்டுகளின் நடமாட்டம் குறைந்துவிட்டது. வரிக்காக அவசரத்தில் எடுத்த பாலிசிகளில் பாதி உருப்படாதவை, அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் அதோடு மெடிக்கல் இன்சூரன்ஸையும் நிறுத்திவிட்டு வருகிறார்களே, அதுதான் பயம். "புதிய முறையில அதுக்கு 80டி கழிவுதான் கிடைக்காதே சார்" என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரன் எந்த வரி முறை என்று கேட்டா பில் போடுவான்? தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு அதே செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கழிவுகள் உள்ள பழைய முறையா, புதிய முறையா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு அளவு. 24,75,000 சம்பளம் வாங்குபவருக்கு, நிலைக் கழிவு போக 8 லட்சத்துக்கு மேல் உண்மையான கழிவுகள் இருந்தால்தான் பழைய முறை லாபம். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், 80சி சேமிப்புக் கழிவு ஒன்றரை லட்சம், இவற்றோடு பெரிய வாடகைப் படியும் இருந்தால் யோசிக்கலாம். "உண்மையான" என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக எழுதி ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் எனக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களை நம்பாதீர்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது இந்த மாதிரி இடைத்தரகர்களைத் தேடித்தான். பொய்க் கழிவுக்கு அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு, தரகர் பெயருக்கு அல்ல.

இப்போதே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போய் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் பாருங்கள். யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எஃப்டி வட்டியில் 10%க்குப் பதில் 20% போகும். ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கை அந்தத் தளத்திலேயே சரிபார்த்து வையுங்கள். வீட்டில் வரி வராத பெரியவர்கள் இருந்தால், வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஏப்ரல் முதல் வாரத்திலேயே வங்கியில் கொடுத்துவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டம் போய் 2025ஆம் வருஷச் சட்டம் வருகிறது, பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. அது எங்கள் தலைவலி, உங்களுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம், ரிட்டர்ன் போட்டால் மட்டும் போதாது, முப்பது நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு ரீஃபண்ட் வரவில்லை என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.

டீச்சர் விஷயத்துக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வருமான வரி ஆணையருக்கு மனு. ஏன் போடவில்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும், அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், பிறகுதான் ரிட்டர்ன். "டிவியில சொன்னாங்க" என்பதை எந்த மொழியில் எழுதினால் நியாயமான காரணமாகத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாள்களைத் திரும்பவும் மஞ்சள் பையில் அடுக்கியபடி கேட்டார்:

"சார், எங்க சென்டர்ல என்னைச் சேத்து பதினோரு பேருக்கு இப்படித்தான் பிடிக்கறாங்க. அவங்களும் போடணுமா?"

"யாராவது போட்டிருக்காங்களா?"

"யாரும் போடலீங்க. நான்தான் போட வேண்டாம்னு சொன்னேன்."

பத்து பேரின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.