பாதத்தை நக்கும் நாய்

மஞ்சள் நிற லாப்ரடார், மூன்று வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூட்டி வந்திருந்தார். "காதுல சீழ் டாக்டர். மருந்து விட்டா நிக்குது, அடுத்த மாசம் திரும்ப வந்துடுது" என்றார். காதைப் பார்க்கும் முன் அதன் முன்னங்காலைத் தூக்கி விரல்களை விரித்துப் பார்த்தேன். இடுக்கில் இருந்த முடி முழுவதும் துருப்பிடித்த ஆணியின் நிறம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "அது அவன் பழக்கம் டாக்டர். ஒரு வயசுலேர்ந்தே ராத்திரி உக்காந்து காலை நக்கிக்கிட்டே இருப்பான்."

எச்சிலில் உள்ள நிறமி வெளிர் முடியில் நாள்பட ஊறினால் இந்தத் துரு நிறம் வரும். காது சீழுக்காக நாயைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. பாதத்தை நக்குகிறது என்று கொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் என் பார்வையில் அந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய். நமக்கு அலர்ஜி என்றால் தும்மல், மூக்கொழுகல். நாய்க்கு அது முதலில் தோலில்தான் தெரியும். பாதம், காது, அக்குள், தொடையிடுக்கு, வாயைச் சுற்றி. சிவக்கும், அரிக்கும், நாய் நக்கும். ஈரமான இடத்தில் ஈஸ்ட் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். அப்போது காதருகே மூக்கை வைத்தால் புளித்த மாவு வாடை அடிக்கும். சீழுக்கு மட்டும் மருந்து விட்டுவிட்டு அரிப்பின் காரணத்தைத் தேடாமல் விட்டால், அடுத்த மாதம் அது திரும்பத்தான் செய்யும்.

அரிப்பு எங்கே என்பதே பாதி விடை. வாலடியிலும் இடுப்பின் பின்புறமும் முடி கொட்டி, நாய் திரும்பித் திரும்பிக் கடித்துக்கொண்டால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. அதன் எச்சில்தான் அலர்ஜியைத் தூண்டுகிறது, அதற்கு ஒரு சில கடிகளே போதும். "ஒரு பூச்சிகூடக் கண்ணில் படலையே" என்பார்கள். பேன்சீப்பால் வாலடியை வாரி, விழும் கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது மண் இல்லை, பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். நாய்மேல் இருக்கும் பூச்சி கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் சோபா அடியிலும் கிடக்கும். அதனால் வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே நேரத்தில், குறைந்தது மூன்று மாதம் மருந்து தொடர வேண்டும். ஒரு எச்சரிக்கை: நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பூனை செத்துப்போகும்.

அப்புறம் சொறிப்பூச்சி. இதுவும் அலர்ஜி மாதிரியே அரிக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும், அதைத் தவிர்க்கக் கூடாது. டெமோடெக்ஸ் என்ற பூச்சி இருக்கும் நாய்க்கு அரிப்பு என்று ஸ்டீராய்டு போட்டால் நோய் உடம்பெங்கும் பரவும். தொழிலுக்கு வந்த புதிதில் கூட்டத்தின் அவசரத்தில் ஒரு குட்டிக்கு நானே சுரண்டிப் பார்க்காமல் ஊசி போட்டேன். இரண்டு வாரத்தில் முகமெல்லாம் முடி கொட்டி வந்து நின்றது. அதைக் குணப்படுத்த நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகு சுரண்டிப் பார்க்காமல் நான் ஊசியை எடுப்பதில்லை.

சிலர் சொறிக்குக் கழிவு ஆயிலும் மண்ணெண்ணெயும் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும்.

அந்த லாப்ரடாருக்கு இரண்டு வருடமாக வேறொரு இடத்தில் மாதம் ஒரு "அரிப்பு ஊசி" போட்டிருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு. அதை நான் கெட்ட மருந்து என்று சொல்லமாட்டேன். அரிப்பு தாங்காமல் தூங்காத நாய்க்குச் சில நாள் கொடுத்தால் அது உண்மையான நிம்மதி. ஆனால் மாதாமாதம் போட்டால் தண்ணீர் தாகம், ஓயாத பசி, தொங்கிய வயிறு, மெலிந்த தோல், சில நாய்களுக்குச் சர்க்கரை நோய்வரை போகும். இந்த நாயும் வைத்த தண்ணீர் முழுவதையும் நின்றபடியே குடித்தது. நெடுநாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பூச்சி இல்லை, சொறி இல்லை, காதில் ஈஸ்ட் மட்டும் இருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு உணவுச் சோதனைக்குப் போனோம். உணவு அலர்ஜி நாய்களில் அதிகம் பதிவாகியிருப்பது மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. இதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம் என்று விற்கிறார்கள். அந்த முடிவை நம்பி உணவை மாற்ற நான் சொல்வதில்லை. இதுவரை அந்த நாய் சாப்பிடாத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம், இதுதான் சோதனை. கோழியும் தயிர்சாதமும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த இந்த நாய்க்கு முள் நீக்கிய மத்தி மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அவை நாய்க்கு விஷம்.

சொல்வது சுலபம். மூன்றாவது வாரம் காது மறுபடி சிவந்தது. விசாரித்தால் வீட்டுப் பாட்டி காலைக் காப்பியோடு தினம் அரை பிஸ்கட் கொடுத்திருக்கிறார். பாவம், பாசம். பாட்டியையே வரவழைத்து உட்காரவைத்துப் பேசினேன். அதன் பிறகு மீன் துண்டை அவர் கையாலேயே ஊட்டினார், சோதனையும் ஒழுங்காக நடந்தது. மாத்திரையிலும் கவனம் வேண்டும். இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரை ஒன்றே முழுச் சோதனையையும் கெடுத்துவிடும்.

எட்டு வாரத்தில் காது சுத்தமானது. உறுதிசெய்ய மறுபடி கோழி கொடுத்தோம். நான்காம் நாளே தலையை உதற ஆரம்பித்தது. சரி, கோழி நின்றது.

ஆனால் கார்த்திகை மழையில் பாதத்தை மட்டும் மறுபடி நக்கியது. உணவோடு சேர்த்துத் தூசிப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் போன்றவற்றின் அலர்ஜியும் ஒரே நாயில் இருக்கலாம். இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். வேரோடு போகாது, கட்டுக்குள் வைக்கலாம். வெளியே போய் வந்ததும் பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கை உலர்த்த வேண்டும். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவைத் தேய்த்த உடனே கழுவிவிடக் கூடாது, பத்து நிமிடம் ஊற வேண்டும். ஒரு வயது கடந்த நாய்க்கு ஒக்ளாசிட்டினிப் மாத்திரை அரிப்பை வேகமாக அடக்கும். சைக்ளோஸ்போரின் மெதுவாக, நாலைந்து வாரம் கழித்து. வீட்டில் இருக்கும் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையால் பெரும்பாலும் பெரிய பலன் இல்லை. நமது சளிக்கான கூட்டு மாத்திரைகளோ ஆபத்தானவை.

இதெல்லாம் நிதானமாகச் செய்யும் வேலை. குளவியோ தேனீயோ கொட்டிய பிறகு, அல்லது ஊசி போட்ட பிறகு முகம் வீங்கி, தடிப்புத் தடிப்பாக எழும்பினால் மட்டும் காத்திருக்காதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, ஈறு வெளுத்தல், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆசிரியர் வீட்டு வாசலில் இப்போது ஒரு பழைய துண்டும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கின்றன. நடந்து வந்ததும் அந்த நாய் தானாகவே முன்னங்காலைத் தூக்கிக் கொடுக்கிறதாம். போன மாதம் வந்தபோது விரல்களை விரித்துப் பார்த்தேன். அடிமுடி வெள்ளையாக வளரத் தொடங்கியிருந்தது.